எந்தப் பொய்க்குக் கொடி விழும்?

அமெரிக்கக் கால்பந்தில் எதிரணியை ஏமாற்றுவது குற்றமன்று; அதைச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் பயிற்சியாளருக்குச் சம்பளமே. ஓடுபவனிடம் பந்தைக் கொடுப்பதுபோல் கையை நீட்டிவிட்டு, அதை இடுப்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நழுவும் குவாட்டர்பேக்கையும் (தாக்கும் அணியை வழிநடத்துபவர்), உதைக்கப் போவதுபோல் நின்றுவிட்டுப் பந்தை வீசும் கிக்கரையும் பார்த்து மக்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அப்படியிருக்க, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் "கோச், இது நம்முடைய பந்து இல்லை" என்று உரக்கச் சொல்லிவிட்டு, எதிரணியினர் அசந்து நிற்கும் நேரத்தில் அந்தப் பந்தோடு ஓடினால் மட்டும் ஏன் தவறைக் குறிக்கும் நடுவரின் மஞ்சள் கொடி விழுகிறது? ஒஹாயோவில் பகலில் அலுவலக வேலையும் மாலையில் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவர் பணியுமாக இருக்கும் என்னிடம், இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்காமல் எந்தப் பருவமும் முடிந்ததில்லை. கேட்பவர்களில் இப்போது தமிழ்ப் பெற்றோரும் உண்டு. கிரிக்கெட் மட்டையோடு வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள் இங்கே தோள்கவசம் மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வும், சென்டர் என்று அழைக்கப்படும் வீரர் தரையிலிருக்கும் பந்தைப் பின்னால் நிற்பவருக்குக் கொடுக்கும் நொடியில் தொடங்குகிறது. அந்த நொடிக்கு ஸ்னாப் என்று பெயர். ஸ்னாப்புக்குப் பிறகு நான் என்ன செய்யப் போகிறேன் என்பதைப் பற்றி எதிரணியிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். ஆனால் ஸ்னாப் இப்போது வரப்போவதில்லை, ஏதோ கோளாறு, ஆட்டம் சற்று நின்றிருக்கிறது என்று அவர்களை நம்பவைக்கும் சொல்லோ செயலோ விளையாட்டுப் பண்புக்குப் புறம்பானது. விதிநூலில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் தடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கோட்டிலிருந்தே கிளைக்கின்றன.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்கள் என்.எஃப்.எச்.எஸ் என்ற தேசியக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடக்கின்றன. டெக்சாஸ் மட்டும் கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ விதிகளைத் தழுவிக்கொண்டிருக்கிறது. என்.எஃப்.எச்.எஸ் விதிநூலோடு வழக்குநூல் ஒன்றும் வரும். நடுவர்கள் விதிநூலைவிட அதைத்தான் அதிகம் புரட்டுவோம். இன்ன நிலைமையில் இன்ன தீர்ப்பு என்று அதில் எடுத்துக்காட்டுகளாக இருக்கும். வாய்ப்பொய்யைப் பற்றிய எடுத்துக்காட்டு அங்கே மிகவும் பிரபலம். ஓர் அணி ஃபீல்ட் கோல் உதைக்க, அதாவது பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பிப் புள்ளி எடுக்க, அணிவகுத்து நிற்கிறது. கிக்கர், "டீ எங்கே?" என்று கத்துகிறார், டீ என்பது பந்தை நிறுத்திவைத்து உதைக்க உதவும் சிறிய ரப்பர் கட்டை. "நான் போய் எடுத்துவருகிறேன்" என்று இன்னொரு வீரர் தம் அணியின் எல்லைக்கோட்டை நோக்கி நகர்கிறார். அந்த நகர்வு விதிப்படி முறையானதுதான். அந்தக் கணத்தில் ஸ்னாப் நடக்க, கிக்கர் பந்தைப் பிடித்து, டீ எடுக்கப் போனவரிடமே வீசி டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது) ஆக்கிவிடுகிறார். தீர்ப்பு என்னவென்றால், ஸ்னாப்புக்கு முன்பே விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தை நிகழ்ந்துவிட்டது. எனவே அந்த டச் டவுன் இல்லை, 15 யார்டு பின்னால் தள்ளும் தண்டனை உண்டு. இந்த ஆட்டம் என்றுமே தந்திரமும் ஏமாற்றும் கலந்ததுதான் என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, கோளாறு இருக்கிறது, ஸ்னாப் இப்போதைக்கு இல்லை என்று தோன்றச் செய்யும் சொல் மட்டும் அந்த எல்லைக்கு வெளியே கிடக்கிறது என்று வழக்குநூல் விளக்கமும் தருகிறது.

இந்தத் தந்திரம் பள்ளி ஆட்டத்துக்கே உரியது என்பதையும் கவனிக்கலாம். கல்லூரி ஆட்டத்தில் 1989 முதல் ஃபீல்ட் கோலுக்கு டீ வைக்க அனுமதி கிடையாது என்பதால், அங்கே ஒருவர் "டீ எங்கே?" என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். பொய் பலிக்க வேண்டுமென்றால் அது அந்தக் களத்தின் நடைமுறையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். "தப்பான பந்து" தந்திரமும் அப்படித்தான் பலிக்கிறது. பள்ளி ஆட்டங்களில் தாக்கும் அணி தன் சொந்தப் பந்தையே பயன்படுத்தும். அணி மாறும்போதெல்லாம் பந்தும் மாறும். மழை நாளில் துண்டால் துடைத்த பந்துகளை ஓரத்தில் நிற்கும் பையன்கள் மாற்றி மாற்றி உள்ளே எறிந்துகொண்டே இருப்பார்கள். ஆகவே பந்து மாறிப்போய்விட்டது என்று யாராவது சொன்னால், கேட்பவர் நம்புவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது.

அப்படி ஒரு மழை மாலையில், நடுநிலைப் பள்ளி ஆட்டம் ஒன்றில் நான் எல்லைக்கோட்டு நடுவராக நின்றிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் தாக்கும் அணியின் துணைப் பயிற்சியாளர். பந்து 30 யார்டுக் கோட்டுப் பக்கம் கிடந்தது. தாக்கும் அணியினர் பதினொருவரும் அசையாமல் நின்றிருந்தார்கள். திடீரென்று அவர், "நிறுத்து நிறுத்து, அது அவர்களுடைய பந்து! இங்கே கொண்டு வா!" என்று கத்தினார். குவாட்டர்பேக் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். சென்டரின் தோளைத் தட்டினான். சென்டர் பந்தைத் தூக்கி அவனிடம் நீட்டினான். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் எங்கள் பக்கம் சாவகாசமாக நடந்து வந்தான். தடுக்கும் அணியின் பையன்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். அவர்களில் ஒருவன் வாய்க்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் திரும்பித் தன் பயிற்சியாளரிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். குவாட்டர்பேக் அவர்களுடைய வரிசையைக் கடக்குமுன் நான் விசிலை ஊதிவிட்டுக் கொடியை எறிந்தேன்.

துணைப் பயிற்சியாளருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்னாப் முறையானது, அணிவகுப்பு முறையானது, எல்லோரும் ஒரு வினாடி அசையாமல் நின்றார்கள், எந்த விதியை மீறினோம் என்று கேட்டார். எங்கள் குழுவின் தலைமை நடுவர், அதாவது வெள்ளைத் தொப்பிக்காரர், நடந்து வந்து அமைதியாக ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பந்தில் உண்மையிலேயே ஏதாவது தவறு இருந்ததா?" பதில் வரவில்லை. தண்டனை அந்தப் பயிற்சியாளரின் நடத்தைக்காகக் குறிக்கப்பட்டது; அதே நாளில் இன்னொரு முறை அப்படிக் குறிக்கப்பட்டால் அவர் மைதானத்தை விட்டே வெளியேற வேண்டும். அந்தக் கேள்வியை நான் அன்றே கடன் வாங்கிக்கொண்டேன். விதி எண்ணை ஒப்பிப்பதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

2010-இல் டெக்சாஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் இதற்கு நெருங்கிய ஒன்று நடந்து, அதன் காணொளி நாடெங்கும் பரவியது. நடுநிலைப் பள்ளி ஆட்டம்தான். இன்னும் 5 யார்டு தண்டனை தரவேண்டியிருக்கிறது என்று பயிற்சியாளர் ஒருவர் குரல் கொடுக்க, சென்டர் பந்தைத் தோளுக்கு மேலாகக் குவாட்டர்பேக்கிடம் கொடுத்தான். குவாட்டர்பேக், யார்டுகளை அளந்து நடப்பதுபோல் தடுப்பு வரிசையின் நடுவாகவே நடந்து போய், கடந்த பிறகு ஓட்டம் பிடித்தான். டச் டவுன் செல்லுபடியானது. நாடு முழுவதும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அந்தக் காணொளியில் நான் பார்த்துக்கொண்டிருப்பது தடுக்கும் பையன்களைத்தான். அவர்கள் ஏமாந்தது எதிரணியின் திறமையிடம் இல்லை, பெரியவர் ஒருவர் தண்டனை என்று சொன்னால் அது தண்டனையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில். பன்னிரண்டு வயதில் அந்த நம்பிக்கை இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இது வெறும் நல்லொழுக்கப் பேச்சன்று, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. ஒரு பையனின் தலைக்கவசத்தின் தாடைப் பட்டை அவிழ்ந்துவிடும். ஒருவனுக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும். ஒருவன் காலணி கழன்று நிற்பான். அந்த நேரத்தில் "நில்லுங்கள்" என்று ஒருவர் சொன்னால் எதிரணி நிற்க வேண்டும். "நில்லுங்கள்" என்பது தந்திரமாகவும் இருக்கலாம் என்று ஒருமுறை கற்றுக்கொண்ட பையன், அடுத்த வாரம் நிற்கமாட்டான். கவசம் அவிழ்ந்து நிமிர்ந்து நிற்பவன்மேல் முழு வேகத்தில் போய் மோதுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போது எதிர்ப்பக்கம். நல்ல பொய்க்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1994 நவம்பர் 27 அன்று தொழில்முறை ஆட்டத்தில் மையாமி டால்ஃபின்ஸ் அணியின் குவாட்டர்பேக் டான் மரீனோ நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிராகச் செய்தது. ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை, மையாமி பின்தங்கியிருக்கிறது, கடிகாரம் ஓடுகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் குவாட்டர்பேக் ஸ்னாப்பை வாங்கிய உடனே பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்துவது வழக்கம். மரீனோ அதற்கான சைகையைக் காட்டி, "க்ளாக்! க்ளாக்!" என்று கத்திக்கொண்டே வரிசைக்கு வந்தார். ஜெட்ஸ் வீரர்கள் தளர்ந்தார்கள். ஸ்னாப் வந்தது, பந்தை அடிப்பதுபோல் கையை அசைத்துவிட்டு, வலப்பக்க மூலையில் தன் அணியின் மார்க் இங்ரமுக்கு வீசினார். டச் டவுன், 28-24 என்று மையாமி வென்றது. கொடி எதுவும் விழவில்லை, விழவும் கூடாது. மரீனோ உரக்கச் சொன்னது பொய்தான் என்றாலும், ஸ்னாப் வரப்போகிறது என்பது ஜெட்ஸ் அணியின் ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர்கள் தயாராக இருக்க வேண்டியவர்கள். பந்து உயிரோடு இருக்கும்வரை விளையாட வேண்டும் என்ற கடமையை மறந்தது அவர்களுடைய பிழை.

பயிற்சி முகாம்களில் மரீனோவையும் "டீ எங்கே?" கிக்கரையும் அடுத்தடுத்து வைத்துத்தான் இளம் நடுவர்களுக்கு நான் விளக்குவது வழக்கம். இரண்டிலும் வாயால் பொய். இரண்டிலும் டச் டவுன். ஒன்று கொண்டாடப்படுகிறது, மற்றொன்று ரத்தாகிறது. கிரிக்கெட்டை அறிந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி 2017-இல் கொண்டுவந்த 41.5-ஆவது விதிப்படி, மட்டையாளர் பந்தை எதிர்கொண்ட பிறகு ஃபீல்டர் சொல்லாலோ செயலாலோ வேண்டுமென்றே அவரை ஏமாற்றினால் 5 ரன் தண்டனை. 2021 ஏப்ரலில் ஜோஹன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் குவின்டன் டி காக் மறுமுனையை நோக்கிக் கை காட்டியதும், பாகிஸ்தானின் ஃபக்கர் ஸமான் 193 ரன்னில் ரன் அவுட் ஆனதும், அதைப் பற்றி நடந்த வாக்குவாதமும் பலருக்கு நினைவிருக்கும்; நடுவர்கள் அன்று தண்டனை எதுவும் விதிக்கவில்லை. அங்கே பந்து உயிரோடு இருக்கும்போது பொய் கூடாது என்கிறார்கள். இங்கே பந்து உயிர் பெற்ற பிறகு பொய்தான் ஆட்டம். கிரிக்கெட் ஆடிவிட்டு வந்த பையன்கள் முதல் ஆண்டில் தேவைக்கு அதிகமாக நேர்மையாக இருப்பதை இதனால்தான் பார்க்கிறேன். பந்து தன்னிடம் இல்லாதபோது இருப்பதுபோல் ஓடவே அவர்களுக்குக் கூச்சம்.

குவாட்டர்பேக்கின் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்னாப்புக்கு முன் அவர் கத்தும் சொற்களின் வரிசைக்குக் கேடன்ஸ் என்று பெயர். அதில் பாதிக்குமேல் வெற்றுச் சொற்கள். டென்வர் அணியின் குவாட்டர்பேக் பெய்ட்டன் மேனிங், 2014 ஜனவரியில் சான் டியேகோ அணிக்கு எதிரான ப்ளேஆஃப் ஆட்டத்தில் "ஒமஹா" என்ற சொல்லை 44 முறை சொன்னதாகக் கணக்கெடுத்தார்கள். அதன் ஏற்ற இறக்கத்தில் மயங்கி எதிரணியினர் ஸ்னாப்புக்கு முன்பே பலமுறை பந்து இருக்கும் கோட்டைத் தாண்டித் தண்டனை வாங்கினார்கள். குரலைத் திடீரென்று உயர்த்தி எதிரணியைத் துள்ளவைப்பது முழுக்க முறையானது. ஆனால் குரலோடு உடலும் சேர்ந்து தலையைச் சட்டென்று ஆட்டினாலோ, தோளைக் குலுக்கினாலோ, அது ஸ்னாப்பைப் போலிசெய்வதாகி, ஃபால்ஸ் ஸ்டார்ட் என்ற தவறு, அதாவது தாக்கும் அணி ஸ்னாப்புக்கு முன்பே அசைவது, ஆகிவிடும். பள்ளி ஆட்டத்தில் இன்னும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தொழில்முறை ஆட்டத்தில் எதிரணி வீரர் ஆஃப்சைடு வந்தும், அதாவது கோட்டைத் தாண்டியும், யாரையும் தொடாதிருந்தால் ஆட்டம் தொடரலாம்; குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் அப்படிக் கிடைத்த இலவச வாய்ப்புகளில் நீண்ட பந்துகளை வீசியே பெயர் வாங்கினார். பள்ளி ஆட்டத்தில் கோட்டைத் தாண்டிய உடனே விசில். 5 யார்டோடு கதை முடிந்தது. தொலைக்காட்சியில் ராட்ஜர்ஸைப் பார்த்துவிட்டு அதை எட்டாம் வகுப்புக்குக் கற்பிக்கும் தன்னார்வப் பயிற்சியாளர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தடுக்கும் அணிக்கு இதே சுதந்திரம் கிடையாது. ஸ்னாப்பைத் தொடங்கும் உரிமை தாக்கும் அணியுடையது; எனவே அவர்களுடைய சங்கேதத்தைப்போல் ஒலியெழுப்பி அவர்களைத் துள்ளவைப்பது மூன்று நிலைகளிலும், அதாவது பள்ளி, கல்லூரி, தொழில்முறை என்று எங்கும் தவறு. பள்ளி விதியில் இதற்கு முன்பு 15 யார்டு தண்டனை இருந்தது. இப்போது 5 யார்டாகக் குறைத்திருக்கிறார்கள். எனக்கு இது நல்ல மாற்றமாகப் படுகிறது, ஏனென்றால் தண்டனை பெரிதாக இருந்த காலத்தில் நடுவர்கள் தயங்கித் தயங்கிக் கொடியைப் பையிலேயே வைத்திருந்தார்கள்.

இந்தப் பிரச்சினை அண்மைக் காலத்தில் கூடியிருப்பதற்குக் காரணம் கைதட்டல். குவாட்டர்பேக் நான்கைந்து யார்டு பின்னால் நிற்கும் அணிவகுப்பில், கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே "ஹட்" என்று கத்துவதற்குப் பதிலாகக் கைதட்டி ஸ்னாப்பைக் கேட்கும் பழக்கம் பரவிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு ஆட்டம் ஒன்றில் நான் அம்பயர் என்ற நடுவர் பொறுப்பில், தடுப்பு அணியின் இரண்டாம் வரிசையான லைன்பேக்கர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற உயரமான பையன், குவாட்டர்பேக் கையை உயர்த்திய அதே தருணத்தில் இரண்டு முறை பளீரென்று கைதட்டினான். எதிரே தாக்கும் அணியின் முன்வரிசையில், வலப்பக்க லைன்மேன்கள் இருவர் முன்னால் பாய்ந்தார்கள். எதிர்முனை நடுவர் ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்குக் கொடி எறிந்தார். அவர் கண்ணில் பட்டது பாய்ச்சல் மட்டும்தான். நான் கைதட்டலுக்கு எறிந்தேன். நடுவில் கூடிப் பேசினோம். பாய்ந்தவர்களைப் பாயவைத்தது அந்த ஒலி என்பதால் முதல் கொடியை எடுத்துக்கொண்டு, தண்டனையைத் தடுக்கும் அணிக்கே கொடுத்தோம். அவர்களுடைய பயிற்சியாளர், பையன் தோழர்களை உற்சாகப்படுத்தத்தான் தட்டினான் என்று வாதாடினார். இருக்கலாம். ஆனால் உற்சாகம் அந்தத் தருணத்துக்காகக் காத்திருந்து வரவேண்டியதில்லை.

தடுக்கும் அணியின் பயிற்சியாளர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பையன்கள் இடம் மாறுவதற்கான அழைப்பு முறையானது, அதை யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் அதை "ஹட்" போன்ற ஒற்றையசைச் சொல்லாக வைக்காதீர்கள், இரண்டு மூன்று அசை உள்ள நிறத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ வையுங்கள், குவாட்டர்பேக் வாயைத் திறக்குமுன் சொல்லி முடிக்கப் பழக்குங்கள். அப்படிச் செய்த அணிகளோடு எனக்குத் தகராறு வந்ததே இல்லை. தாக்கும் அணியாக இருந்தால், எதிரணி தட்டுகிறது என்று கூச்சல் போடுவதைவிட, உங்கள் சங்கேதம் கைதட்டல் என்று ஆட்டத்துக்கு முன்பே அம்பயர் காதில் போட்டு வைப்பது பலன் தரும். எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தால் நாங்கள் கேட்போம்.

ஆள் மாற்றத்தை வைத்துச் சொல்லும் பொய்யும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. "நீ வெளியே வா!" என்று பயிற்சியாளர் கத்த, வீரர் ஓரத்தை நோக்கி ஓடிக் கோட்டுக்கு உள்ளேயே நின்றுகொள்ள, யாரும் கவனிக்காத அவருக்குப் பந்து வீசப்படும். கல்லூரி விதி, ஆள் மாற்றம் தொடர்பான எந்த உத்தியாலும் எதிரணியைக் குழப்பக்கூடாது என்று ஒரே வரியில் இதை அடைத்துவிட்டது. பள்ளி விதி, தாக்கும் அணியின் ஒவ்வொருவரும், பந்து ஆட்டத்துக்குத் தயார் என்று நடுவர் காட்டிய பிறகு ஒரு கணமாவது பந்திலிருந்து 15 யார்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்கிறது. இந்த விதிகளுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1903-இல் கார்லைல் பழங்குடியினர் பள்ளியின் அணி, பாப் வார்னரின் பயிற்சியில், ஹார்வர்டுக்கு எதிராகப் பந்தை ஒரு வீரரின் சட்டைக்குள், முதுகுப்புறம் செருகிவைத்து டச் டவுன் எடுத்தது. அப்போது அதைத் தடுக்கும் விதி இல்லை. ஹார்வர்டு 12-11 என்று தப்பிப் பிழைத்தது. இன்று பந்தை உடைக்குள் ஒளித்தால் கொடிதான். தந்திரம் முதலில் வரும், விதி பின்னால் வரும் என்பது இந்த ஆட்டத்தில் மாறாத வரிசை.

அந்த வரிசை இன்றும் தொடர்கிறது. 2021 டிசம்பரில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் கென்னி பிக்கெட், வேக் ஃபாரஸ்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஓடிக்கொண்டே சறுக்கி விழப்போவதுபோல் காட்டினார். சறுக்கும் குவாட்டர்பேக்கை அடிக்கக்கூடாது என்பதால் தடுப்பாளர்கள் வேகத்தைக் குறைக்க, அவர் நிமிர்ந்து ஓடி 58 யார்டு டச் டவுன் எடுத்தார். அடுத்த சில நாள்களிலேயே, பொய்ச் சறுக்கல் காட்டினால் பந்து அங்கேயே இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்று என்.சி.ஏ.ஏ அறிவித்துவிட்டது. இது வாய்ப்பொய் அன்று. ஆயினும் "நில்லுங்கள்" பொய்யின் உடன்பிறப்பு. எதிரணியின் கருணையைத் தூண்டி அதிலிருந்து யார்டு சம்பாதித்தால், அடுத்த குவாட்டர்பேக்குக்கு அந்தக் கருணை கிடைக்காது.

ஏமாற்றுச் சொல்லும் வசைச் சொல்லும் வேறு வேறு என்பதைப் பெற்றோர் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எதிராளியைச் சீண்டுவதும் இழிவாகப் பேசுவதும் அதே தலைப்பில் தண்டிக்கப்பட்டாலும், அங்கே கேள்வி பகையைத் தூண்டியதா என்பதுதான். ஒரு ஆட்டத்தில், மோதி விழுந்து எழுந்த பையன் ஒருவன் எதிராளியின் முகத்துக்கு நேராக, சுத்தமான தமிழில், இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொன்னான். எதிராளிக்குப் புரியவில்லை; எனக்குப் புரிந்துவிட்டது. கொடியை எடுக்கவில்லை. அடுத்த ஸ்னாப்புக்கு முன் அவன் பக்கத்தில் போய், "தம்பி, அடுத்த தடவை கொடி விழும்" என்று தமிழிலேயே சொன்னேன். தலைக்கவசத்துக்குள் அவன் கண்கள் போன போக்கு! ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்து, "சாரி அங்கிள், அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றான். சொல்லவில்லை.

பிள்ளைகளை விளையாட அனுப்பும் வீடுகளில் கற்றுக்கொடுக்க வேண்டியதில் முதன்மையானது, காதை நம்பாமல் பந்தை நம்பு என்பது. தடுப்பு வரிசையில் நிற்கும் பையன், பந்தின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கேடன்ஸும் அவனை அசைக்காது; "தப்பான பந்து" என்று யார் சொன்னாலும், விசில் ஊதும்வரை அவன் நிலையை விட்டு எழமாட்டான். உண்மையிலேயே கோளாறு என்று சந்தேகம் வந்தால், எதிராளியிடமோ தன் பயிற்சியாளரிடமோ கேட்காமல், அருகிலிருக்கும் கோடுபோட்ட சட்டைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் எங்களிடம்தான் இருக்கிறது. பார்வையாளர் வரிசையிலிருந்து "பந்து கீழே!" என்று கத்துவதையும் விட்டுவிட வேண்டும், உங்கள் பையனுக்கே அது குழப்பம்.

தந்திர ஆட்டம் வைத்திருக்கும் பயிற்சியாளர்கள் அதை நடுவர் குழுவிடம் முன்கூட்டியே சொல்வது நல்லது. ஆட்டத்துக்கு முன் தலைமை நடுவர் இரு தலைமைப் பயிற்சியாளர்களையும் தனித்தனியே சந்தித்து, வீரர்களின் கவசங்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று உறுதி கேட்பார். வழக்கத்துக்கு மாறான ஆட்டம் ஏதாவது உண்டா என்றும் கேட்பார். இரகசியம் வெளியே போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டால், பந்து யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் நாங்களே ஏமாந்து விசில் ஊதிவிடும் ஆபத்து உண்டு. நல்ல தந்திரங்கள் பல அப்படி வீணாகியிருக்கின்றன. சென்ற பருவத்தில் பயிற்சியாளர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, ஃபீல்ட் கோல் அணிவகுப்பில் கிக்கர் தன் காலணியில் கோளாறு என்று ஓரத்தைப் பார்த்துக் கத்தும் திட்டம் ஒன்றை விவரித்தார். கத்தினால் கொடி விழும் என்றேன். கத்தாமல், உதைக்கப் போவதுபோல் நின்று ஸ்னாப்பைத் தானே வாங்கிக்கொண்டு ஓடினால்? அது உங்கள் சாமர்த்தியம், எங்களுக்கு அதில் வேலையில்லை என்றேன். மூன்றாம் கால்பகுதியில் அதை ஆடிப் பார்த்தார்கள். எதிரணியின் மூலையில் நின்ற சிறுவன் ஒருவன் மட்டும் பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான்கு யார்டு நட்டத்தில் கிக்கரைக் கீழே சாய்த்தான்.